ரோடன்பாக் கிராண்ட் க்ரூ: புளிப்பை வைத்து எடைபோட வேண்டிய சிவப்பு ஏல்

ரோடன்பாக் கிராண்ட் க்ரூ என்ற பெல்ஜிய பீரை முதல்முறை குடிப்பவர்கள் பலரும் சொல்வது, "பீர் கெட்டுப்போச்சு போலிருக்கே." கெடவில்லை. பெரும்பகுதி இரண்டு வருடம் ஓக் மரத்தொட்டியில் கிடந்து, வேண்டுமென்றே புளிக்கவைக்கப்பட்ட சிவப்பு ஏல் (பீரில் ஒரு வகை) இது. எங்கும் கிடைக்கும், புளிப்பில்லாத வழக்கமான லாகர் பீரை மனதில் வைத்துக்கொண்டு வாயில் ஊற்றினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பீருக்கும் இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்கும் நடுவே இதற்கென ஓர் இடம் ஒதுக்கிவிட்டுக் குடித்தால், 330 மில்லி பாட்டிலுக்குள் இத்தனை அடுக்குச் சுவை எப்படி வந்தது என்ற கேள்விதான் எழும். ஆல்கஹால் 6 சதவீதம். ஒரு பாட்டிலில் சுமார் 20 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது; புளிப்பு அதை மறைத்துவிடும் என்பதால் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

சிவப்பு ஏல் என்ற பெயரில் கடையில் முக்கியமாக இரண்டு வேறு பானங்கள் விற்பனையாகின்றன. ஒன்று அயர்லாந்து வகை. கில்கென்னியில் 1710-லிருந்து தன் வரலாற்றைச் சொல்லும் ஸ்மித்விக்ஸ் அதற்குத் தெரிந்த உதாரணம். அங்கிருந்த ஆலை 2013-இல் மூடப்பட்டு, தயாரிப்பு டப்ளினுக்குப் போய்விட்டது. அந்த வகையில் சிவப்பு நிறம் வருவது பெரும்பாலும் மிகக் கொஞ்சமாகச் சேர்க்கும் கருக வறுத்த பார்லியிலிருந்து. டாஃபி வாசனை, மெல்லிய இனிப்பு, முடிவில் லேசான வறட்சி. புளிப்பு துளியும் இருக்கக் கூடாது. மற்றொன்று பெல்ஜியத்தின் வெஸ்ட் ஃபிளாண்டர்ஸ் வகை. இங்கே நிறத்தைத் தருவது வியன்னா, கேரமல் ரக மால்ட்கள், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம். பானத்தின் உயிரோ புளிப்பில் இருக்கிறது. அயர்லாந்து சிவப்பில் புளிப்பு வந்தால் அது பழுது, ஃபிளாண்டர்ஸ் சிவப்பில் புளிப்பு வராவிட்டால் அதுதான் பழுது. மெனு அட்டையில் 'ரெட் ஏல்' என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

ரோடன்பாக் ஆலை இருப்பது ரூஸெலாரே என்ற ஊரில். 1821-இல் ரோடன்பாக் சகோதரர்கள் கைக்கு வந்தது. அவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் பார்வையற்றவர். 1830-இல் பெல்ஜியம் தனி நாடானபோது அரசியலில் முன்னே நின்றவர். ஆனால் இன்று நாம் குடிக்கும் ருசிக்குக் காரணம் அடுத்த தலைமுறைகளைச் சேர்ந்த யூஜீன். அவர் 1870-களில் இங்கிலாந்து சென்று, அங்கே போர்ட்டர் என்ற கறுத்த பீரைப் பெரிய மரத்தொட்டிகளில் முதிரவைத்து, பழையதையும் புதியதையும் கலக்கும் முறையைக் கற்றுவந்தார். இங்கிலாந்தில் அந்த வழக்கம் பின்னர் ஏறக்குறைய ஒழிந்துபோனது, ரூஸெலாரேயில் தங்கிவிட்டது. ஆலை 1998-இல் பாம் நிறுவனத்திடம் போனது. பாம் 2016-இல் நெதர்லாந்தின் பவேரியா குழுமத்தோடு, அதாவது இன்றைய ஸ்விங்கெல்ஸ் குடும்ப நிறுவனத்தோடு இணைந்தது. ஆகவே 'சின்ன ஆலையின் கைவினை' என்ற படம் இதற்குப் பொருந்தாது. கைவினை இருப்பது அளவில் அல்ல, செய்முறையில்.

அந்தச் செய்முறையைப் புரிந்துகொண்டால் சுவைப்பதில் பாதி வேலை முடிந்தது. முதல் நொதித்தல் சுமார் ஒரு வாரம். சாதாரண ஈஸ்டோடு லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாவும் கலந்த வளர்ப்பு இது. பிறகு சில வாரங்கள் தொட்டியில் நிறுத்தி வைப்பார்கள். அதில் ஒரு பகுதி இளம் பீராகவே இருக்கும். மீதி ஃபூடர் எனப்படும், நிமிர்ந்து நிற்கும் ராட்சத ஓக் தொட்டிகளுக்குப் போகும். ஆலையில் 294 ஃபூடர்கள் இருக்கின்றன. பெரியவை 65,000 லிட்டர் கொள்பவை, சில நூற்றைம்பது வயதைத் தொட்டவை. அவற்றைப் பழுது பார்க்கவே தனியாகப் பீப்பாய்த் தச்சர்களை வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து எடுத்து, மூன்றில் இரண்டு பங்கு முதிர்ந்த பீர், ஒரு பங்கு இளம் பீர் என்று கலந்தால் கிராண்ட் க்ரூ. 5.2 சதவீதமுள்ள 'கிளாசிக்' ரோடன்பாக்கில் இந்தக் கணக்கு தலைகீழ்: முதிர்ந்தது கால் பங்கு, இளையது முக்கால் பங்கு.

தொட்டி ஏன் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? மரத்தின் வழியாக ஆக்சிஜன் கசியும். அசிட்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். லாக்டிக் பாக்டீரியாவுக்கு அது தேவையில்லை. சாதாரண ஒயின் பீப்பாய் 225 லிட்டர். அதே வடிவத்தில் 65,000 லிட்டர் தொட்டி செய்தால், ஒவ்வொரு லிட்டர் பீருக்கும் கிடைக்கும் மரப்பரப்பு சுமார் ஆறரை மடங்கு குறைந்துவிடும். அதனால் ஆக்சிஜன் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். வினிகர் வாடை ஒரு கோடாக மட்டும் வந்து நிற்கும். வீட்டில் 20 லிட்டர் பீப்பாயில் இந்த வகையைச் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு வருடத்தில் சாலட்டில் ஊற்றத்தான் பீர் மிச்சமாவதும் இதே கணக்கால்தான். கூடவே பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் தொட்டியின் மரத்திலேயே குடியிருக்கிறது. சாதாரண ஈஸ்ட் விட்டுவைத்த சர்க்கரைகளை அது மெதுவாகத் தின்று, பழ வாசனையையும் லேசான தோல், வைக்கோல் வாசனையையும் தருகிறது. ஓக் என்றதும் வனிலா மணம் எதிர்பார்க்க வேண்டாம். அத்தனை வருடம் பயன்பட்ட மரத்தில் வனிலா எப்போதோ தீர்ந்துவிட்டது.

பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு இதில் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கும் விடை இதே இடத்தில்தான். ஹாப்ஸின் கசப்புப் பொருட்கள் லாக்டிக் பாக்டீரியாவை அடக்கிவிடும். தவிர, கசப்பும் புளிப்பும் ஒரே மிடறில் ஓங்கி வந்தால் வாய்க்குச் சகிக்காது. ஃபிளாண்டர்ஸ் சிவப்பு வகைக்குக் கசப்பு அளவு 10 முதல் 25 அலகுக்குள்தான் இருக்க வேண்டும் என்பது பீர் நடுவர்கள் பயன்படுத்தும் வரையறை. கசப்பு தேடுபவர்களுக்கு இது உகந்த பீர் அல்ல. கசப்பு கூடிய அமெரிக்க ரெட் ஏல் பக்கம் போகலாம்.

இனி ஊற்றுவது. பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே திறக்காதீர்கள். 4 டிகிரி குளிரில் மால்ட்டின் இனிப்பு ஒளிந்துகொண்டு, புளிப்பும் துவர்ப்பும் மட்டும் முன்னால் வந்து நிற்கும். "வெறும் வினிகர்" என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்தக் குளிரில் பிறந்தவை. கிராண்ட் க்ரூவுக்கு 10 முதல் 12 டிகிரி. ஏசி அறையில் வெளியே எடுத்து வைத்து இருபது நிமிடம் காத்திருந்தால் போதும், சென்னை வெயில் புகும் அறையில் பத்து நிமிடமே அதிகம். 15 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹாலும் வினிகர் வாடையும் மூக்கைக் குத்தத் தொடங்கும். கிளாசிக்கைச் சற்றுக் குளிராகவே, 6 முதல் 8 டிகிரியில் குடிக்கலாம். அது தாகத்துக்கான பீர்.

கிளாஸ் டியூலிப் வடிவில், நடுவே அகன்று வாயில் குறுகியதாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சிவப்பு ஒயின் கிளாஸ் போதும். கைப்பிடி வைத்த கனத்த பீர் மக் இதற்கு உதவாது. அகன்ற வாய் வழியே வாசனையெல்லாம் போய்விடும். கிளாஸை ஃப்ரீசரில் வைப்பது அதைவிட மோசம். சுத்தத்தைச் சோதிக்க ஒரு வழி: கிளாஸை நனைத்துக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். துளித்துளியாகப் பிரிந்து நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. அந்தப் பிசுக்கு நுரையைக் கொன்றுவிடும். பாத்திரம் துலக்கும் சோப்பின் எலுமிச்சை வாசனை ஒட்டியிருந்தால் புளித்த பீரில் அது தப்பாமல் தெரியும். சூடான நீரில் இரண்டு முறை அலசி, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள்.

கிளாஸைச் சாய்த்துப் பாதி வரை ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரற்கடை நுரை எழும். அமிலம் அதிகமுள்ள பீரில் நுரை நீண்ட நேரம் நிற்காது. ஓரிரு நிமிடத்தில் மெல்லிய வளையமாகச் சுருங்குவது இயல்பு. நிறம் செம்பழுப்பு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரங்களில் மாதுளைச் சிவப்பு தெரியும். வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பார்ப்பதே சரியான முறை, பாரின் மஞ்சள் விளக்கை நம்ப முடியாது. பானம் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலும் வண்டலும் பாட்டிலிலேயே நொதிக்கும் பீர்களில் சகஜம். கலந்து முடித்ததும் பாஸ்டரைஸ் செய்யப்படும், அதாவது சூடாக்கி நுண்ணுயிர்கள் அழிக்கப்படும் இந்தப் பீரில் அவற்றுக்கு வேலையில்லை.

முகர்வதை இரண்டு தவணையாகச் செய்ய வேண்டும். ஊற்றிய உடனே, கிளாஸை அசைக்காமல் ஒரு முறை. முதலில் வருவது புளிப்புச் செர்ரி, பிறகு பிளம், அதற்குப் பின்னால் ஒரு கீற்று வினிகர். அரை நிமிடம் விட்டு, கிளாஸை மெதுவாகச் சுழற்றி இரண்டாவது முறை. இப்போது கேரமல், ஈர மரம், உலர் திராட்சை. பழைய தோல் வாசனை கவனித்தால்தான் பிடிபடும். வினிகர் எப்போதுமே முதலில் ஓடிவரும். அதைக் கண்டதும் மூக்கை எடுத்துவிடுபவர்கள் பின்னால் வருவதை எல்லாம் இழக்கிறார்கள்.

முதல் வாயை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அமிலம் பட்டதும் உமிழ்நீர் சுரக்கும். அது அடங்கும்வரை நாக்குக்குப் புளிப்பைத் தவிர எதுவும் தெரியாது. ஒரு சிறு மடக்கு குடித்து, அரை நிமிடம் பொறுத்து, இரண்டாவது மடக்கை ஐந்து நொடி வாயில் நிறுத்தி விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். இப்போது பார்க்க வேண்டியது புளிப்பு இருக்கிறதா என்பதல்ல, எந்தப் புளிப்பு என்பதுதான். லாக்டிக் புளிப்பு நல்ல தயிரில் இருப்பது: வட்டமாக, நாக்கு முழுவதும் பரவும். அசிட்டிக் புளிப்பு வினிகருக்குரியது: கூராக, தொண்டையின் மேற்பகுதியைச் சுரண்டும். கிராண்ட் க்ரூவில் இரண்டும் உண்டு. ஆனால் கலவை சரியாக அமைந்த பாட்டிலில் லாக்டிக் தரை, அசிட்டிக் அதன் மேல் ஒரு கோடு. மூன்றில் ஒரு பங்காகச் சேரும் இளம் பீரின் மால்ட் இனிப்பு நடுவில் வந்து இரண்டையும் தாங்கும். இறுதியில் நெல்லிக்காய் மென்ற பிறகு வருவதற்கு நெருங்கிய ஒரு துவர்ப்பு நின்று, வாய் சுத்தமாகிவிடும். இனிப்பு ஒட்டாமல் இப்படி முடிவதுதான் இந்தப் பீரின் பெரிய பலம். இன்னொரு வாய் கேட்கும்.

கிளாஸில் நடுப்பகுதி, அதாவது ஊற்றி ஏழெட்டு நிமிடம் கழித்துக் குடிக்கும் பகுதி, இதன் உச்சம். கடைசி மூன்றில் ஒரு பங்கில் வாயு இறங்கி, ஒயின் தன்மை கூடும். அது சிலருக்குப் பிடிக்கும். எனக்கு அந்த இடத்தில் சற்றுத் தட்டையாகிவிடுவதாகத்தான் தோன்றுகிறது.

எது குற்றம், எது இயல்பு என்று பிரித்துச் சொல்லிவிடலாம். ஒரு கீற்று வினிகர் இயல்பு. ஊறுகாய் ஜாடியைத் திறந்த அளவுக்கு அடித்தால் குற்றம். நெயில் பாலிஷ் வாடை எத்தில் அசிட்டேட்டின் வேலை, அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து பிறப்பது. மிக லேசாக இருந்தால் பேரிக்காய் வாசனையாகத் தோன்றி அழகு சேர்க்கும், தலைக்கு ஏறினால் பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் பாட்டில் வெகுநாள் சூட்டில் கிடந்திருக்கிறது. வெப்ப நாடுகளுக்கு இறக்குமதியாகும் பீரில் அதிகம் காணும் குற்றம் இதுவே. வெண்ணெய் பாப்கார்ன் வாடை டையசெட்டில் என்ற வேதிப்பொருளால் வருவது. இந்த வகையில் பிரெட்டனோமைசஸ் அதைத் தின்று தீர்த்துவிடும் என்பதால் வரக்கூடாது. வாந்தி வாடை பியூட்டிரிக் அமிலம், அதற்கு மன்னிப்பே இல்லை.

கிளாசிக்கையும் கிராண்ட் க்ரூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிப்பது, கலவை என்றால் என்ன என்று நாக்குக்குக் கற்றுத்தரும் மலிவான வழி. இரண்டிலும் நூறு மில்லி எடுத்து மூன்றாவது கிளாஸில் சரிபாதியாகக் கலந்து பாருங்கள். முதிர்ந்த பீரின் பங்கு இப்போது ஏறக்குறைய 46 சதவீதம். புளிப்பு குறைவது உடனே தெரியும். செர்ரி வாசனை அதே விகிதத்தில் குறைவதில்லை என்பதுதான் சுவாரசியம். இதைச் செய்து பார்த்தவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கின் மதிப்பு சொல்லாமலே விளங்கும். கிளாசிக்கில் கிரெனடின் என்ற இனிப்பான சிவப்புப் பழப்பாகு விட்டுக் குடிக்கும் பழக்கம் ஃபிளாண்டர்ஸில் உண்டு. கேட்கவே கொடுமையாக இருக்கும், ஆனால் புளிப்புக்கு இனிப்பைக் காட்டி நாக்கைப் பழக்கும் உத்தி அது.

அதே ஆலையின் 'வின்டேஜ்' ஒரே ஒரு ஃபூடரிலிருந்து, இளம் பீர் கலக்காமல் வருவது. ஆல்கஹால் 7 சதவீதம். தீவிரம் கூடுதல், சமநிலை குறைவு. முதலில் அதை வாங்க வேண்டியதில்லை. 'அலெக்சாண்டர்' புளிப்புச் செர்ரியில் ஊறவைத்தது, 5.6 சதவீதம், வெகுநாள் நிறுத்தி வைத்திருந்து 2016-இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். இனிப்புப் பிரியர்களை இந்த வகைக்குள் இழுக்க அதுவே நல்ல வாசல்.

போட்டி என்று பார்த்தால் விக்டே ஊரின் ஃபெர்ஹாகே ஆலை தரும் டச்சஸ் டி போர்கோன், 6.2 சதவீதம். லேபிளில் இருப்பவர் பர்கண்டியை ஆண்ட டச்சஸ் மேரி, 1482-இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தவர். டச்சஸில் இனிப்பு வெளிப்படையாக முன்னால் நிற்கும். பின்னால் பால்சமிக் வினிகரின் அடர்த்தி. முதல் அரை கிளாஸுக்கு டச்சஸ் கிராண்ட் க்ரூவை வென்றுவிடும், முழு பாட்டிலுக்கு கிராண்ட் க்ரூதான். பெல்லெகெம் ஊரின் கூவே டே ஜாகொபேன், 5.5 சதவீதம், இளம் பீர் கலக்காதது. அதன் அசிட்டிக் கூர்மை பழகிய நாக்குக்கு விருந்து. புதியவருக்கு அதைக் கொடுத்தால் மறுபடி உங்கள் வீட்டுக்கு வர மாட்டார். அமெரிக்காவில் நியூ பெல்ஜியம் ஆலையின் லா ஃபோலியும் இந்தக் குடும்பமே. அதை உருவாக்கிய பீட்டர் பூக்கார்ட் அதற்கு முன் ரோடன்பாக்கில் வேலை பார்த்தவர், ருசியில் அது மறைவதில்லை.

உணவு விஷயத்தில் ஃபிளாண்டர்ஸ்காரர்கள் தெளிவானவர்கள்: வடகடலின் சாம்பல் நிற இறால், மட்டி, பீரில் வேகவைத்த மாட்டிறைச்சி. கொழுப்பை வெட்டுவதில் புளிப்புக்கு நிகர் இல்லை. நம் சமையலில் மீன் வறுவலும் மட்டன் சுக்காவும் நன்றாகச் சேரும். புளி கரைத்த குழம்போடு மட்டும் வைக்காதீர்கள். உணவின் புளிப்பு பீரை விஞ்சினால் பீர் வெறும் தண்ணீராகிவிடும். மிளகாய்க் காரம் மிகுந்தாலும் அமிலம் எரிச்சலைக் கூட்டும். சீஸ் என்றால் முதிர்ந்த கௌடா வகை.

பல வருடம் பதுக்கி முதிரவைக்கலாம் என்ற ஆசையில் பெட்டியாக வாங்கத் தேவையில்லை. பாஸ்டரைஸ் செய்த பீர், உள்ளே உயிர் இல்லை. முதிர வேண்டியதெல்லாம் ஃபூடரிலேயே முடிந்துவிட்டது. பாட்டிலில் நடப்பது மெதுவான ஆக்சிஜனேற்றம் மட்டும். அது முதல் ஒரு வருடம் ஷெர்ரி என்ற ஒயினின் வாசனையாகத் தோன்றலாம், பிறகு அட்டைப்பெட்டிதான். வாங்கும்போது தேதியைப் பாருங்கள். கடையில் கண்ணாடி அலமாரியில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் பாட்டிலைத் தவிர்த்து, உள்ளே இருளில் இருப்பதைக் கேளுங்கள். வீட்டில் நிமிர்த்தி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். 750 மில்லி பாட்டிலைத் திறந்துவிட்டு மீதம் வைத்தால், இறுக மூடி ஃப்ரிட்ஜில் மறுநாள் வரை தாங்கும்; வாயு போய்விட்டால் இறைச்சி வேகவைக்கும் சட்டியில் ஊற்றிவிடுங்கள். ஆனால் சுண்டச் சுண்டப் புளிப்பும் ஏறும், ஆகவே கடைசியில் ஒரு தேக்கரண்டி வெல்லம் தேவைப்படலாம்.